உறவினர் ஒருவரின் பெயர்

உறவினர் ஒருவரின் பெயரை என்ற இடத்துக்கு வந்ததும் சுகிர்தத்தின் கையிலிருந்த அடிக்கோல் மறுபடியும் நின்றுவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததிலிருந்து இதே கதைதான். மேலேயிருந்து ஒழுங்காக இறங்கி வரும் கண் இந்த வரியில் காலை வைத்ததும் வழுக்கி எங்கேயோ போய்விடுகிறது. பிடித்து இழுத்துக்கொண்டு வந்து திரும்பவும் முதல் பிரிவில் நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒன்று, குறுந்தலைப்பு. இரண்டு, சொற்பொருள் விளக்கம். மூன்று-அ, புதிதாகச் சேர்க்கப்படுவது. விடுதியில் தங்கியிருக்கும் ஒவ்வொருவரும், கமா, தமக்கு நோயோ விபத்தோ இறப்போ நேரும்போது தகவல் தெரிவிக்கப்பட வேண்டிய உறவினர் ஒருவரின் பெயரை. இடது பக்கம் அரசிதழ், வலது பக்கம் அச்சுக் கோத்து வந்த மெய்ப்பு. அரசிதழில் ஒரு வரி, மெய்ப்பில் அதே வரி. தலைமயிர் கறுப்பாக இருந்த நாளிலிருந்து செய்கிற வேலை. ‘சட்ட மடல்’ என்று மாதம் ஒருமுறை வருகிற பத்திரிகை அது. மாநிலத்தில் எந்தச் சட்டம் புதிதாக வந்தாலும், எது திருத்தப்பட்டாலும், எந்த விதி எடுக்கப்பட்டாலும் முழுசாக அச்சிட்டு, முன்பக்கத்தில் அதன் சாரத்தைச் சாதாரண மனிதனுக்குப் புரிகிற தமிழில் சொல்லிவிடுவார்கள். அந்தச் சாரத்தை எழுதுகிறவள் சுகிர்தம். வக்கீல்கள் வாங்குகிறார்கள், ஊராட்சி அலுவலகங்கள் வாங்குகின்றன, ஆலை நடத்துகிறவர், பள்ளிக்கூடம் நடத்துகிறவர், விடுதி நடத்துகிறவர் எல்லோரும் வாங்கி முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். ஆக, ராமநாதபுரத்தில் ஒரு மீனவர் சங்கம் எப்படித் தேர்தல் நடத்த வேண்டும் என்பது சுகிர்தத்துக்குத் தெரியும். அவள் மீன் வாங்கிச் சமைத்துப் பல வருஷமாகிவிட்டது. வாடகை, வரி, வாரிசு, தத்து, எல்லாம் தெரியும். இந்த விடுதித் திருத்தத்தின் சாரத்தையும் நேற்றே எழுதிக் கொடுத்தாயிற்று. தங்கியிருப்போர் அனைவரும் உறவினர் ஒருவரின் பெயரைக் கட்டாயம் அளிக்க வேண்டும். எழுதும்போது கை தயங்கவில்லை. ஊருக்கு எழுதுகிற கை அது, அதற்குத் தயக்கம் கிடையாது. இன்று சாயந்தரம் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும், அதற்குள் கடைசியாக ஒருமுறை ஒப்புநோக்கிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் மிச்சம். ஆனால் ஒப்புநோக்குவது என்பது ஒற்றை ஆள் வேலை இல்லையே என்று நினைத்தாள், நினைத்ததும் வரி மறுபடி கைநழுவிப் போனது.

அது இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் மெய்ப்பைக் கண்ணால் தொடர்ந்து வருவார். கமாவுக்குக் கமா, அடைப்புக்குறி திறந்தால் திறப்பு, மூடினால் மூடல், ஒன்றும் விடக்கூடாது. தொடர்கிறவர் பேசக்கூடாது. சரியாக இருந்தால் ‘ம்’. சந்தேகமிருந்தால் ‘நில்லுங்க’. தீர்ந்ததும் ‘மேல’. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஒரு மனுஷியோடு ஒரு ஆயுசை ஓட்டிவிட முடியுமா என்றால், முடியும், அப்துல் லத்தீப் ஓட்டினார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் பாய், சுகிர்தத்துக்கு மட்டும் சார். அவள் எல்லோருக்கும் மிஸ். சேர்ந்தபோது கல்யாணமாகாத பெண் என்று வைத்த பெயர், மூட்டுவலி வந்த பிறகும் அப்படியே நின்றுவிட்டது. அவள் படிப்பாள், லத்தீப் சார் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மெய்ப்பை முகத்துக்குக் கிட்டக்கப் பிடித்துக்கொண்டு ம் சொல்வார். வருஷம் முழுக்க. மழையோ வெயிலோ, ஆட்சி மாறினாலும், சட்டம் மாறினாலும். அந்த மூன்றோடு நாலாவதாகச் சாருக்கென்று சொந்தமாக ஒன்று உண்டு. ஒரு பிரிவு ‘வேண்டும்’ என்று முடிந்தால், அது எந்தப் பிரிவானாலும், ‘ஆனா?’ என்று கேட்பார். அளித்தல் வேண்டும். ஆனா? செலுத்துதல் வேண்டும். ஆனா? அரசாங்கம் வீட்டுக்கு முன்வாசல் வைத்தால் பின்வாசலும் வைக்கும் மிஸ், நாமதான் சுத்திப் போய்ப் பாக்கணும் என்பார். பெரும்பாலும் பின்வாசல் இருக்கும். வரம்புரை என்று அதற்குச் சட்டத்தில் பெயர். இல்லாவிட்டால், ‘ஆனா ஒண்ணுமில்ல சார்’ என்று அவள் சொல்ல வேண்டும், அவர் ஏதோ நஷ்டப்பட்டவர்போல ஒரு ம் போடுவார். இந்தப் பழக்கம் அவளைக் கோயில்வரை துரத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பைபிளின் சங்கீதத்தை மாற்றி மாற்றி வாசிக்கும்போது, சபை முழுக்கக் கேட்க, கமா என்று சொல்லிவிட்டாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திங்கட்கிழமை அதைச் சாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, ‘கமா அங்க இருந்துச்சா இல்லியா?’ என்று கேட்டார். இருந்தது என்றாள். ‘அப்ப சரிதான், மேல’ என்றார். அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இப்போது அந்த நாற்காலியில் பழைய அரசிதழ் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன.

பெயரை விடுதிப் பொறுப்பாளரிடம். பொறுப்பாளர் என்றால் ரீட்டாம்மா. சட்டம் பொறுப்பாளர் என்று சொல்கிறபோது அதற்கு முகமில்லை, சுகிர்தத்துக்கோ மஞ்சள் பூசின வட்டமுகம் ஒன்று, கையில் சாவிக்கொத்தோடு, உடனே வந்து நின்றுவிடுகிறது. புரசைவாக்கத்தில் அந்த மகளிர் விடுதியின் மாடி அறைக்கு அவள் வந்தபோது ரீட்டாம்மாவே சின்னப்பெண். பொல்லாதவள் இல்லை. இன்று காலையில் படியிறங்கும்போது பிடித்துக்கொண்டாள், ‘மிஸ், நீங்க ஒருத்தங்கதான் பாக்கி. சொந்தக்காரங்க பேரு ஒண்ணு, போன் நம்பரு, சாயந்தரம் வரும்போது சொல்லிடுங்க. ஆபீசருங்க பாக்க வர்றாங்களாம். பேரு இல்லாதவங்கள வச்சுக்க முடியாதுன்னு ஓனர் கண்டிப்பா சொல்லிட்டாரு.’ அப்புறம் குரலை இறக்கி, ‘உங்களுக்கா சட்டம் தெரியாது’ என்றாள். அதுதான் வம்பு. தெரியும். யாரை எழுதலாம் என்று பஸ்ஸில் வரும்போதே ஆரம்பித்த யோசனையில், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய் நடந்து திரும்பி வந்ததுதான் மிச்சம். அண்ணன் இருந்தால் அண்ணனை எழுதலாம். அண்ணன் போய்ச் சேர்ந்தாயிற்று. இருந்தாலும் எழுதினால் என்ன, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள், தனக்கு ஒன்று ஆனால் அண்ணனுக்குத் தகவல் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு ரீட்டாம்மா தேவையில்லை, நேரிலேயே போய்ச் சொல்லிக்கொள்ளலாம். இந்த நினைப்பு அவளுக்கே கொஞ்சம் பிடித்துவிட்டது. அதற்குள் இதே திருத்தத்தின் பிரிவு ஆறு ஞாபகம் வந்தது, தெரிந்தே பொய்யான விவரம் அளிப்பவர் தண்டத்தொகை செலுத்துதல் வேண்டும். அண்ணன் மகன் துபாயில். எந்த நம்பர் என்று தெரியாது, வருஷப் பிறப்புக்கு ஒரு பூங்கொத்துப் படம் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. மதினி ஊரில், நாசரேத்தில் இருக்கிறாள். பிரசவத்தில் மதினிக்குத் தலைசீவிவிட்டவள், பிள்ளைக்கு வசம்பு உரசினவள், எல்லாம் சுகிர்தம்தான். போன கிறிஸ்துமஸுக்கு மதினியிடம் பேசினாள். மதினி, நான் சுகிர்தம். அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம், யாரோ ஒரு குழந்தை, அப்புறம் மதினியின் குரல்: ‘எந்தச் சுகிர்தம்?’ அதற்கு என்ன பதில் சொன்னாள் என்பது நினைவில்லை. ஊரில் சுகிர்தம் நாலைந்து பேர் உண்டு, கேட்டதில் தப்பில்லை என்று அப்போதும் நினைத்தாள், இப்போதும் நினைக்கிறாள். மதினியின் பெயரைக் கொண்டுபோய் ரீட்டாம்மாவிடம் கொடுக்கலாம், உறவினர்தான், சட்டத்துக்குச் சரிதான். நாளைக்குப் படியில் உருண்டு விழுந்தால் ரீட்டாம்மா போன் போட்டு சுகிர்தம் விழுந்துட்டாங்க என்பாள், அந்தப் பக்கம் எந்தச் சுகிர்தம் என்பார்கள், ரீட்டாம்மாவுக்கும் அதற்கு விடை தெரியாது.

கீழே யாரோ சரக்கு வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டான் போலிருக்கிறது, ஹாரன் சத்தம் மாடிவரை ஏறி வந்தது. அரண்மனைக்காரன் தெருவின் மத்தியானம். நகலெடுக்கும் இயந்திரங்களின் சூடு, டீக்கடை ஆவி, காகிதக் கட்டுகளின் வாசனை, எல்லாம் சேர்ந்து ஜன்னல் வழியாக வந்து மின்விசிறிக்கு அடியில் சுற்றிக்கொண்டிருந்தன. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கல்யாணப் பத்திரிகைக் கடை. படியேறும்போதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் மாதிரிப் பத்திரிகைகள் தெரியும், எல்லாவற்றிலும் கடைசியில் ஒரே வரி, உற்றார் உறவினர். ஊர், பெயர், மண்டபம் எல்லாம் கற்பனை, மாதிரிதானே. அந்தக் கற்பனைக்குக்கூட உற்றார் உறவினர் இருக்கிறார்கள். உறவினர் ஒருவரின் பெயரை. சரி, கோலை நகர்த்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்ணாடி அறையிலிருந்து நிரஞ்சன் எட்டிப் பார்த்தான். பத்திரிகையைத் தொடங்கியவரின் மகன். நல்ல பையன், அப்பாபோல் கத்தமாட்டான், அதுவே சில நேரம் பயமாக இருக்கும். ஆச்சா மிஸ் என்று கேட்டான். ஆச்சு, இன்னும் கொஞ்சம் என்றாள். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு கோப்புகளையும் கணினியில் போட்டால் அதுவே வித்தியாசத்தைச் சிவப்பாகக் காட்டிவிடும், நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம் என்று மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு அது உபகாரம். கஷ்டமில்லை என்று அவள் எப்படி விளக்குவது? காலையில் இதே மெய்ப்பை ஒருமுறை முழுக்கப் பார்த்து ஒவ்வொரு பிரிவுக்கும் டிக் போட்டாயிற்று, அப்படியும் இரண்டாம் முறை பார்க்க வேண்டும் என்று ஏன் உட்கார்ந்திருக்கிறாள்? தனியாகப் பார்க்கிற கண்ணை நம்பக்கூடாது என்று சார் சொல்வார். ஒற்றைக் கண் தான் பார்க்க நினைப்பதைத்தான் பார்க்கும், காது ஒன்று கூட வேணும் மிஸ். காது போய்விட்டது. இப்போது அவள் வாய்விட்டுப் படித்தால் கணினி முன்னால் இருக்கிற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள், அதனால் உதட்டுக்குள் படிக்கிறாள், ம் என்பதையும் அவளே சொல்லிக்கொள்கிறாள். மனசு கழன்றுவிட்டதோ என்றுகூட ஒருநாள் தோன்றியது. விடுதியில் பக்கத்து அறையில் கனகாம்புஜம் டீச்சர் இருந்தார், ரிட்டயர்டு ஆனவர். கடைசி வருஷம் சுவரைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு எடுப்பார், தானே ‘உள்ளேன்’ என்பார். ஒருநாள் அந்தச் சத்தம் இல்லை. ஆஸ்பத்திரியில், கூட யாரு வந்திருக்கீங்க என்று நர்ஸ் கேட்டபோது சுகிர்தம்தான் நின்றிருந்தாள். நீங்க என்ன வேணும் இவங்களுக்கு என்று கேட்டதற்குப் பக்கத்து ரூம் என்றாள். நர்ஸ் அவளைத் தாண்டிப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். அந்தப் பார்வைதான் இப்போது சட்டமாக வந்திருக்கிறது என்று சுகிர்தத்துக்குத் தோன்றியது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

உட்கார்ந்து கோலை எடுத்தால், கோல் நிற்கிற இடத்தில் அம்மா. அம்மா இறந்து அடக்கம் முடிந்து ஊரிலிருந்து திரும்பி, ரயிலிலிருந்து நேராக வேலைக்கு வந்த அன்று, வழக்கம்போல மூலத்தைக் கையில் எடுத்து, வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. சார் பார்த்தார். எழுந்து வந்து அவள் கையிலிருந்த அரசிதழை வாங்கிக்கொண்டு மெய்ப்பை அவளிடம் கொடுத்தார். அன்று சாயந்தரம்வரை அவர் படித்தார், ஏதோ ஊராட்சிக் குளங்கள் பற்றிய சட்டம், கரைகள், மதகுகள், மீன்பிடி உரிமைகள், அவள் ம் மட்டும் சொன்னாள். ஒரு நாள் முழுவதும் அழாமல் இருக்க ம் போதும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, பாவம். அவர் மனைவி மௌத்தானபோதும் அப்படித்தான், லீவு முடிந்து வந்து உட்கார்ந்தார், பிரிவு நான்கும் ஐந்தும் முடிந்தது, ஆறாவதை அவள் எடுக்கும் முன், கண்ணாடியை இறக்கித் துடைத்துக்கொண்டே, ‘வீட்ல அவங்க இருந்தவரைக்கும் சத்தமே தெரியல மிஸ். இப்பதான் கேக்குது’ என்றார். எது கேட்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா? மேல என்றார், அவள் படித்தாள். இப்படித்தான் ஒரு மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், பிரிவுக்கும் பிரிவுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில். சித்திரையில் சாருக்கு வாதம் அடித்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. மகள் ஷாஹிதா வந்து நீடூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சார் ஊருக்குப் போன அன்று நாற்காலிக்கடியில் அவருடைய செருப்பு இருந்தது, அலுவலகத்துக்குள் போடுகிற ரப்பர் செருப்பு. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சுகிர்தம் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஒரு மாதம் கழித்துத் தைரியம் வந்து போன் செய்தாள். ஷாஹிதா நல்ல பெண், ஆன்ட்டி என்று கூப்பிட்டாள், அத்தா யாரையும் கண்டுக்கிறதில்ல, சுவத்தப் பாத்துக்கிட்டே இருக்காங்க, நாங்க பேசினாலும் காதுல விழுதா என்னன்னு தெரியல, நீங்க பேசிப் பாருங்க என்று போனை அவர் காதில் வைத்தாள். சுகிர்தம் பேசிப் பார்த்தாள். சார், நல்லாருக்கீங்களா. மூச்சுச் சத்தம். மருந்தெல்லாம் சாப்பிடுறீங்களா. மூச்சு. இங்க வெயில் ஜாஸ்தி சார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் நல்லாருக்கீங்களா என்று அவள் கேட்டதே இல்லை, அதை எப்படிக் கேட்பது என்றே நாக்குக்குத் தெரியவில்லை, வெளியூர்க்காரியின் குரல்போல அவளுக்கே கேட்டது. சரி சார், வச்சிடறேன் என்று வைத்துவிட்டாள். அந்த மூச்சு அவளை அறிந்த மூச்சா, அறியாத மூச்சா? எந்தச் சுகிர்தம் என்று வாயால் கேட்கிறவர்களையாவது மன்னித்துவிடலாம். அதற்குப் பிறகு போன் செய்யவில்லை. வேலை என்று சொல்லிக்கொண்டாள். பயம் அது, வேறு ஒன்றுமில்லை.

வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேஜையில் ஏறியிருந்தது. நிரஞ்சன் மறுபடி எட்டிப் பார்ப்பதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், போட்டுவிட்டுப் போய் ரீட்டாம்மாவிடம் மதினியின் பெயரைச் சொல்லிவிட வேண்டும், அல்லது பேர் இல்லை என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டும். இந்த வயதில் பெட்டி கட்டி எங்கே போவது? உறவினர் ஒருவரின் பெயரை விடுதிப் பொறுப்பாளரிடம் எழுத்து மூலம். வாய் லேசாகத் திறந்திருந்தது. உதடு படித்துக்கொண்டிருந்தது, கேட்க ஆளில்லாமல். சாருடன் பேசத்தான் தனக்குத் தெரியாது என்று திடீரென்று ஒரு நினைப்பு வந்தது. படிக்கத் தெரியுமே. அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவளுக்கு வெட்கமாகிவிட்டது, சுற்றுமுற்றும் பார்த்தாள். சீக்காளி மனுஷன் காதில் போய் விடுதிச் சட்டத்தைப் படிப்பாளா ஒருத்தி? ஷாஹிதா என்ன நினைப்பாள்? நினைக்கட்டும். அரசிதழை எடுத்துக்கொண்டு, மெய்ப்பை மேஜையிலேயே விட்டுவிட்டு, படிக்கட்டுத் திருப்பத்தில், ஹாரன் சத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிற மூலைக்குப் போய் நின்று போன் செய்தாள். ஷாஹிதாதான் எடுத்தாள். அத்தா முழிச்சுட்டுத்தான் இருக்காங்க ஆன்ட்டி, அப்படியேதான் இருக்காங்க என்றாள், அந்த ‘அப்படியே’வில் சலிப்பும் அழுகையும் சரிபாதி இருந்தன. கொஞ்ச நேரம் காதில் வைம்மா, நான் பேசல, படிக்கிறேன் என்றாள் சுகிர்தம். ஷாஹிதா என்ன ஏது என்று கேட்கவில்லை. போன் நகர்கிற சத்தம், துணி உரசல், பிறகு அந்த மூச்சு. சுகிர்தம் சார் என்றுகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் குரல் உடைந்துவிடும். பிரிவு ஒன்று, குறுந்தலைப்பும் தொடக்கமும், என்று ஆரம்பித்தாள், பழைய குரலில், கமாவுக்குக் கமா, அடைப்புக்குறி திறப்பு, அடைப்புக்குறி மூடல். மூச்சு. பிரிவு இரண்டு. மூச்சு. ம் வரவேண்டிய இடத்தில் நிறுத்தினாள், வரவில்லை, மேலே போனாள். கீழேயிருந்து ஏறி வந்த யாரோ ஒருவர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார். பிரிவு மூன்று-அ. விடுதியில் தங்கியிருக்கும் ஒவ்வொருவரும், கமா, தமக்கு நோயோ விபத்தோ இறப்போ நேரும்போது தகவல் தெரிவிக்கப்பட வேண்டிய உறவினர் ஒருவரின் பெயரை, இங்கே வழுக்கும் என்று தெரியும், ஆனால் படிக்கிற வாய்க்கு நிற்கத் தெரியாது, விடுதிப் பொறுப்பாளரிடம் எழுத்து மூலம் அளித்தல் வேண்டும். பக்கத்தின் அடிவரி அது. தாளைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் தடித்த எழுத்தில் நான்கு என்று தெரிந்தது, பிரிவு நான்கு என்று வாயெடுத்தாள்.

போனில் ஏதோ புரண்டது. இருமலோ என்று நினைத்தாள். மறுபடியும் வந்தது, கல்லை உருட்டுவதுபோலக் கஷ்டப்பட்டு, பாதி நாக்கில். ‘ஆ...’ என்று. பின்னால் ஷாஹிதா அத்தா அத்தா என்கிற சத்தம். ‘ஆ... னா?’ என்றார் லத்தீப் சார். சுகிர்தம் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆனா ஒண்ணுமில்ல சார் என்று பழக்கத்தில் வந்த பதில் தொண்டைவரை வந்தது. சொல்வதற்கு முன் பார்க்க வேண்டும், பார்க்காமல் அந்தப் பதிலைச் சொன்னதே கிடையாது. தாளைப் பார்த்தாள். நான்கு என்ற தடித்த எண்ணுக்கு மேலே, பக்கத்தின் தலைப்பில், அரசிதழ் என்று போட்டிருக்கும் கோட்டுக்கு அடியிலேயே ஒட்டினாற்போல் இரண்டு வரி இருந்தது. அச்சுக் கோத்தவர் அதை விட்டிருந்தார், மெய்ப்பில் இல்லை என்பது அவளுக்கு இப்போது நன்றாக நினைவிருந்தது; காலையில் தடித்த எண்ணைப் பார்த்து அங்கே தாவின கண், தானும் விட்டிருந்தது. சாரத்திலும் விட்டிருந்தாள். முன்பக்கத்தை மட்டும் படிக்கிற எத்தனை விடுதிக்காரர்கள், எத்தனை ரீட்டாம்மாக்கள். உறவினர் என்ற சொல்லைப் பார்த்ததும், இது நம்மைப் பற்றியதுதான், இதற்குப் பின்வாசல் இருக்காது என்று முடிவு கட்டிக்கொண்ட கண் அது. குரலைச் சரிசெய்துகொண்டு படித்தாள். வரம்புரையாக, கமா, அவ்வாறு தகவல் தெரிவிக்கத்தக்க உறவினர் எவரும் இல்லாதவர், கமா, தம் நலனில் அக்கறை கொண்டவர் எனத் தாம் நம்பும் எவரொருவரின் பெயரையும் அளிக்கலாம். முற்றுப்புள்ளி. நம்பும் என்ற இடத்தில் குரல் தேய்ந்து போயிற்று. போனில் காத்திருந்தாள். மூச்சு வந்தது, போயிற்று. ‘ம்’ என்றார். நிதானமான, திருத்தமான, நாற்காலியில் சாய்ந்த அதே ம்.

‘சார்’ என்றாள் சுகிர்தம். எத்தனையோ வருஷமாகப் பிரிவுக்கும் பிரிவுக்கும் நடுவில் இருந்த அந்த இடம் இப்போது அவள் முன்னால் திறந்து கிடந்தது, அவர் கண்ணாடி துடைத்த இடம், அவள் ஒன்றும் கேட்காமல் விட்ட இடம். அழுதுகொண்டிருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ‘விடுதியில எனக்கு ஒரு பேரு கேக்கறாங்க சார். உங்க பேரச் சொல்லப்போறேன்.’

ஷாஹிதா இடையில் வந்து, ஆன்ட்டி, அத்தா உங்ககிட்ட என்னமோ சொல்லப் பாக்கறாங்க, இருங்க, வச்சிடாதீங்க என்றாள். வைக்கமாட்டேன் என்றாள் சுகிர்தம். மாடியில் நிரஞ்சன் மிஸ் மிஸ் என்று தேடுகிற சத்தம் கேட்டது. தேடட்டும், பக்கம் இன்று அச்சுக்குப் போகாது, திருத்தம் இருக்கிறது, முன்பக்கமும் மாற வேண்டும்.

‘மே... ல’ என்றார் லத்தீப் சார்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். பிரிவு நான்கு, என்று படிக்கத் தொடங்கினாள்.